தென்னாப்பிரிக்காவில் உங்கள் சம்பளம் சரியா? மணிக்கணக்கில் பிரித்து, பக்கத்து ஆளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

டர்பன், ஜோஹன்னஸ்பர்க் பக்கம் சமையல், நகைப்பட்டறை, கோயில், மளிகைக் கடை என்று வேலைக்கு வந்திருக்கும் நம் ஆட்களிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் உடனே ரூபாயில்தான் பதில் வரும். "மாசம் நாற்பதாயிரம் வருது." எட்டாயிரம் ராண்டை ஏறக்குறைய ஐந்தால் பெருக்கிச் சொல்கிற கணக்கு அது. வீட்டுக்கு எவ்வளவு போகும் என்று தெரிந்துகொள்ள அந்தக் கணக்கு போதும், ஆனால் இந்த நாட்டில் நீங்கள் செய்கிற வேலைக்கு உங்களுக்குச் சேர வேண்டியது வருகிறதா என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது. இங்கே சட்டம் ராண்டில் பேசுகிறது, அதுவும் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை என்றுதான் பேசுகிறது. உங்கள் முதலாளியின் கணக்காளருக்கு இது தெரியும். நான் டர்பனில் சின்னக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் சம்பளக் கணக்கு எழுதுகிறவன், அதனால் சொல்கிறேன்: இரண்டு வேலை செய்தால் போதும். முதலில் உங்கள் சம்பளத்தை மணிக்கணக்காக மாற்றுங்கள், அப்புறம் அதைப் பக்கத்தில் வேலை செய்கிறவரின் கணக்கோடு வைத்துப் பாருங்கள். இரண்டாவதைச் செய்ய எல்லோரும் தயங்குகிறார்கள், ஆனால் உங்களுக்கு அதிகம் தெரியவருவது அதில்தான்.

மணிக்கு எவ்வளவு

2019 ஜனவரி 1 முதல் இங்கே நாடு முழுவதற்கும் ஒரே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இருக்கிறது. ஆரம்பத்தில் மணிக்கு 20 ராண்ட். அப்போது பண்ணை வேலையாட்களுக்கு 18, வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு 15 என்று குறைத்து வைத்திருந்தார்கள். 2021-ல் பண்ணை வேலைக்கும் 2022-ல் வீட்டு வேலைக்கும் அந்த வித்தியாசத்தை எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு ஆண்டும் மார்ச் 1-ஆம் தேதி தொகை மாறும். 2025 மார்ச் 1 அன்று அது 28.79 ராண்ட் ஆனது, கீழே உள்ள கணக்கெல்லாம் அந்தத் தொகையை வைத்துத்தான். நீங்கள் இதைப் படிக்கும்போது எந்த ஆண்டோ அந்த ஆண்டின் தொகையை லேபர் டிபார்ட்மென்ட் தளத்தில் பார்த்து, கீழே நான் போடுகிற கணக்கில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். முறை ஒன்றுதான். இந்தியப் பாஸ்போர்ட், மலாவிப் பாஸ்போர்ட் என்று இந்தத் தொகையில் வேறுபாடு கிடையாது.

வாரத்துக்குச் சாதாரண வேலை நேரம் அதிகபட்சம் 45 மணி. மாதத்துக்கு எத்தனை வாரம் என்றால் நான்கு என்று போடாதீர்கள், 4.333 என்று போட வேண்டும் (52 வாரத்தைப் பன்னிரண்டால் வகுத்தது). ஆக முழு மாதம் 195 மணி. 28.79-ஐ 195-ஆல் பெருக்கினால் 5,614 ராண்ட். 45 மணி வாரத்துக்கு இதற்குக் கீழே யாரும் தரக் கூடாது.

இப்போது அந்த எட்டாயிரத்துக்கு வருவோம், அதை வாங்குகிறவர் ஒரு சமையல்காரர் என்று வைப்போம். ஒப்பந்தத்தில் 45 மணி என்று போட்டிருக்கிறது, 8,000-ஐ 195-ஆல் வகுத்தால் மணிக்கு 41 ராண்ட். நல்ல சம்பளம் மாதிரிதான் தெரியும். ஆனால் அந்தச் சமையல்காரர் காலை 11 மணிக்கு அடுப்பு பற்றவைத்து இரவு 10 மணிக்குத்தான் கடைசிப் பாத்திரத்தை இறக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. ஒரு நாளைக்கு 10 மணி, வாரத்தில் ஆறு நாள், ஆக 60 மணி. மாதத்துக்கு 260 மணி. 8,000-ஐ 260-ஆல் வகுத்தால் 41 இல்லை, 31-க்கும் கீழே வந்துவிடுகிறது.

அதோடு முடியவில்லை. 45-க்கு மேல் செய்கிற ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு தர வேண்டும். ஒப்பந்தப்படி மணிக்கு 41 என்றால் ஓவர்டைம் மணிக்கு 61.50 ராண்ட் சொச்சம். வாரம் 15 மணி, மாதம் 65 மணி. கூட்டிப் பார்த்தால் சரியாக 4,000 ராண்ட். ஒவ்வொரு மாதமும் இவர் கைக்கு வராமல் நிற்கிற தொகை அது, சம்பளத்தில் பாதி. ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை இதில் நான் இன்னும் சேர்க்கவே இல்லை: வழக்கமாக ஞாயிறும் உங்கள் வேலை நாள் என்றால் அன்றைக்கு ஒன்றரை மடங்கு, வழக்கமில்லாமல் கூப்பிட்டால் இரண்டு மடங்கு. பொது விடுமுறை நாளில் வேலை செய்தாலும் இரண்டு மடங்கு. இன்னொன்று, ஓவர்டைம் என்பது உங்கள் சம்மதத்தோடு, வாரத்துக்கு 10 மணிக்குள்தான் இருக்க வேண்டும், 15 மணி என்பதே வரம்பு மீறல்.

"எட்டாயிரம்னா எல்லாம் சேர்த்துத்தான், ஓவர்டைமும் அதிலேயே அடக்கம்" என்று முதலாளி சொல்வார். சரி, ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 45 மணியோடு அந்த 15 மணியை ஒன்றரை மடங்காக, அதாவது 22.5 மணியாகச் சேருங்கள். வாரம் 67.5, மாதம் 292.5. எட்டாயிரத்தை இதால் வகுத்தால் 27.35. குறைந்தபட்சம் 28.79. அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டாலும்கூட சம்பளம் சட்டத்துக்குக் கீழேதான் நிற்கிறது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதி வைத்த எண்களோடு போகிறவரிடம் யாரும் சுலபமாகப் பூசி மெழுக முடியாது.

வேலை நேரம், ஓவர்டைம், ஞாயிறு பற்றிய இந்த விதிகள் ஆண்டு வருமானம் ஒரு வரம்புக்குள் இருப்பவர்களுக்குத்தான். 2025 ஏப்ரல் 1 அன்று அந்த வரம்பு 2,61,748 ராண்ட் ஆனது. ஐ.டி.யில் இருக்கிறவர்கள் பலர் அதைத் தாண்டிவிடுவார்கள், சமையலறையில் அநேகமாக யாரும் தாண்ட மாட்டார்கள்.

எது சம்பளம், எது சம்பளம் இல்லை

சாப்பாடு, தங்கும் அறை, பஸ் காசு, யூனிஃபார்ம், கத்தி கரண்டி வாங்கக் கொடுத்த பணம், டிப்ஸ், போனஸ், பரிசு: இவற்றில் எதையும் குறைந்தபட்சக் கூலிக்குள் கணக்குக் காட்டக் கூடாது. 28.79 என்பது இவை எல்லாம் போக. கோயிலில் சம்பளத்துக்கு இருக்கும் குருக்கள்மாருக்கும் இது பொருந்தும். தட்டில் விழுகிற தட்சிணை பக்தர் கொடுத்தது, நிர்வாகம் கொடுத்த சம்பளம் அல்ல. "தட்டுக் காசு வருதே சாமி" என்று சொல்லி மாதச் சம்பளத்தைக் குறைக்கிற கோயில் கமிட்டிகள் இதைப் படித்தால் நல்லது. மேசை பரிமாறுகிறவர்களை டிப்ஸ் மட்டும் எடுத்துக்கொள் என்று நிறுத்துவதும் அப்படியே சட்டத்துக்கு விரோதம். பட்டறையில் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறீர்களா? அப்போதும் உட்கார்ந்து வேலை பார்த்த மணிக்கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக் கூடாது.

சோறும் கூரையும் கொடுத்துவிட்டுக் கூலியைக் குறைப்பது இந்த மண்ணில் நம் ஆட்களுக்குப் புதிதல்ல. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தபோது ஒப்பந்தக் கூலிகளுக்குப் பேசியிருந்தது அரிசி பருப்பு, தங்க இடம், அதோடு மாதம் 10 ஷில்லிங். அப்புறம் 1895-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் போடாமல் இங்கேயே இருப்பவர்கள் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங், முதலாண்டுக் கூலியில் ஆறு மாதத்துப் பணம். 1913-ல் இந்தியத் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914-ல்தான் அந்த வரி போனது. கொடுக்கிற கையும் பிடிக்கிற கையும் ஒன்றாக இருந்தால் கணக்கை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிடித்தத்துக்கு வருகிறேன். வருமான வரி, யு.ஐ.எஃப். (வேலையில்லாக் காப்பு நிதி) போலச் சட்டமோ, நீதிமன்ற உத்தரவோ, கூட்டு ஒப்பந்தமோ சொன்னவை தவிர வேறு எதைப் பிடிக்கவும் உங்கள் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும், எதற்காக எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும். தட்டு உடைந்தது, கல்லாவில் காசு குறைந்தது என்று பிடிப்பதாக இருந்தால் தவறு உங்களுடையதுதான் என்று முறையாக விசாரித்து, உங்கள் பக்கத்தையும் கேட்டு, அதற்குப் பிறகும் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் போகாமல்தான் பிடிக்கலாம். மேசையில் சாப்பிட்டவர் பணம் கொடுக்காமல் ஓடினால் அதைப் பரிமாறியவர் தலையில் கட்டுவது பல இடங்களில் நடக்கிறது, கேள்வி கேட்காததால் மட்டுமே நடக்கிறது. வேலை கொடுத்ததற்காக என்று முதலாளி உங்களிடம் பணம் கேட்பதோ வாங்குவதோ கூடாது, வேலை தேடித் தருவதாக இங்குள்ள ஏஜென்ட் வேலை தேடுகிறவரிடம் கட்டணம் வாங்குவதும் கூடாது.

அந்த யு.ஐ.எஃப். கணக்கு இதுதான். உங்களிடமிருந்து 1 சதவீதம், முதலாளியிடமிருந்து 1 சதவீதம், அதுவும் மாதம் 17,712 ராண்ட் வரைக்குத்தான் கணக்கு. ஆகவே உங்கள் பங்கு 177.12-ஐத் தாண்டாது. அதைவிட அதிகமாகப் பிடித்திருந்தால் ஏதோ கோளாறு. 2018 மார்ச் முதல் ஒப்பந்தத்தில் வந்த வெளிநாட்டவர்களுக்கும் இது உண்டு. "நீங்க இந்தியா, உங்களுக்கு யு.ஐ.எஃப். கிடையாது" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அது பழைய கதை.

சிலருக்குப் பாதிச் சம்பளம் இங்கே ராண்டில், மீதி ஊரில் வீட்டுக்காரம்மா கணக்கில் ரூபாயில். வசதியாகத்தான் தெரியும். ஆனால் பே ஸ்லிப்பில் இங்கே கொடுக்கிற பாதி மட்டும் இருந்தால் யு.ஐ.எஃப். பாதிக்குத்தான் கட்டுவார்கள், லீவுப் பணமும் பாதிக்குத்தான் வரும், நாளைக்குத் தகராறு என்று வந்தால் ரூபாயில் வந்தது சம்பளம்தான் என்று நிரூபிக்க நீங்கள் வங்கிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். முழுத் தொகையும் சீட்டில் வரட்டும் என்று கேளுங்கள்.

பே ஸ்லிப்பும் ஒரு நோட்டும்

ஒவ்வொரு சம்பளத்துக்கும் சீட்டு தருவது முதலாளியின் கடமை. அதில் நிறுவனத்தின் பெயர், முகவரி, உங்கள் பெயர், வேலை, எந்தக் காலத்துக்கு, மொத்தச் சம்பளம், பிடித்தம் எவ்வளவு எதற்கு, கையில் வந்தது எவ்வளவு என்று இருக்க வேண்டும். மணிக்கணக்கு, ஓவர்டைம், ஞாயிறு வேலை சம்பளத்தைப் பாதிக்கிறது என்றால் அந்த மணிகளும் விகிதமும் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் "8000 போட்டாச்சு" என்று வருவது சீட்டு ஆகாது, ஆனால் அதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

முதலாளி எழுதுகிற மணிக்கணக்கை நம்பியே இருக்க வேண்டாம். ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். தினமும் வந்த நேரம், போன நேரம், இடைவேளை. இடைவேளையில் கூப்பிட்டு வடை போடச் சொன்னார்களா, அதையும் எழுதுங்கள், ஏனென்றால் அப்படிக் கூப்பிட்டால் அது இடைவேளை இல்லை, வேலை நேரம். போன் கேமராவில் கடைச் சுவர்க் கடிகாரத்தை எடுத்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், நல்ல யோசனைதான். முதலாளி தன் பதிவேட்டை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், உங்களைப் பற்றிய பதிவைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

பக்கத்து ஆளிடம் கேட்பது

சம்பளத்தைப் பற்றி மற்றவரிடம் பேசக் கூடாது என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும், வாய்மொழியாகவும் மிரட்டுவார்கள். 1997-ஆம் ஆண்டு அடிப்படை வேலை நிலைமைகள் சட்டம், 78-ஆம் பிரிவு: உங்கள் வேலை நிபந்தனைகளை, சம்பளம் உட்பட, உடன் வேலை செய்கிறவர்களிடமோ வேறு எவரிடமுமோ பேசலாம். அந்த உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிப் பறிக்க முடியாது.

ஆனால் மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் பாதிப் பேர் கூட்டிச் சொல்வார்கள், பாதிப் பேர் கூச்சத்தில் குறைத்துச் சொல்வார்கள். "அண்ணே, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் நிக்கிறீங்க?" என்று ஆரம்பியுங்கள். எல்லோருக்கும் அதைச் சொல்லிப் புலம்ப ஆசையாகத்தான் இருக்கும். அப்புறம் உங்கள் கணக்கை நீங்களே முதலில் காட்டுங்கள். அவர் தன்னுடையதைத் தானாகச் சொல்வார்.

நம் ஆட்களிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடுகிறோம், அது போதாது. ஒரே சமையலறையில் தமிழ்நாட்டிலிருந்து வந்த சமையல்காரர், பாத்திரம் கழுவும் மலாவிக்காரர், காய் நறுக்கும் ஜூலுப் பெண், டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து வரும் கேஷியர், மேனேஜர் எல்லோரும் இருப்பார்கள். ஏழு பேர் என்று வைத்து, உண்மையாக நின்ற மணிகளால் வகுத்து, கீழிருந்து மேலாக எழுதுங்கள்: 24, 25, 27, 29, 31, 41, 95. அந்த 31 நம் சமையல்காரர், 41 கேஷியர், 95 மேனேஜர். "நம்ம கடையில சராசரி மணிக்கு 39 ராண்ட் கொடுக்கிறோம்" என்று முதலாளி பெருமையாகச் சொல்லலாம், பொய்யில்லை, கூட்டி வகுத்தால் 39 வரத்தான் செய்யும். ஆனால் ஏழு பேரில் ஐந்து பேர் அந்தச் சராசரிக்குக் கீழே இருக்கிறார்கள். ஒருவருடைய 95 மற்றவர்கள் எண்ணை எல்லாம் மேலே தூக்கிக் காட்டிவிடுகிறது. அதனால் சராசரியைப் பார்க்காதீர்கள், வரிசையில் நடுவில் நிற்கிறவரைப் பாருங்கள், இங்கே அவருக்கு 29. கீழே நிற்கும் மூன்று பேர் சட்டத் தொகைக்கே வரவில்லை. நாட்டுக் கணக்கும் இதே வடிவம்தான்: ஏற்றத்தாழ்வை அளக்கும் கினிக் குறியீட்டில் (0 என்றால் எல்லோருக்கும் சமம், 100 என்றால் எல்லாம் ஒருவருக்கே) 2014-ஆம் ஆண்டுக்கு உலக வங்கி இந்த நாட்டுக்குப் போட்ட எண் 63, உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று.

இந்த வரிசையைப் பார்த்ததும் சிலருக்கு ஒரு நிம்மதி வரும், நமக்கு 31, அவனுக்கு 24 தானே என்று. அந்த நிம்மதியில்தான் முதலாளியின் லாபம் இருக்கிறது. பாத்திரம் கழுவுகிறவருக்கு 24 கொடுத்து ஒரு கடை ஓட்ட முடிகிறவரை, உங்கள் 31-ஐ உயர்த்த அவருக்கு எந்த அவசரமும் இல்லை. ஜூலு ஆட்களிடம் "இந்தியாக்காரனுக்கு அள்ளிக் கொடுக்கிறேன்" என்றும், உங்களிடம் "உள்ளூர்க்காரனுக்கு யூனியன் இருக்கு, அவனுக்குத்தான் நிறைய" என்றும் சொல்வது பழைய தந்திரம். 1973 ஜனவரியில் டர்பனில் கொரோனேஷன் செங்கல் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் பரவியபோது, துணி ஆலைகளில் ஆப்பிரிக்கத் தொழிலாளரும் இந்தியத் தொழிலாளரும் சேர்ந்தே வெளியே வந்தார்கள், இன ஒதுக்கல் உச்சத்தில் இருந்த காலத்தில்.

ஒரே வேலைக்கு, அல்லது சம மதிப்புள்ள வேலைக்கு, இனம், பால், மொழி, பிறப்பு போன்ற காரணத்தால் வேறு சம்பளம் தருவது பாகுபாடு என்று 2014 ஆகஸ்ட் முதல் வேலைச் சமத்துவச் சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது. அனுபவம், படிப்பு, பொறுப்பு, வேலைத் திறன் காரணமாக வித்தியாசம் இருக்கலாம். ஆனால் அந்த அளவுகோலை எல்லோருக்கும் ஒரே மாதிரி வைக்க வேண்டும். ஆகவே வித்தியாசம் இருக்கிறது என்பதோடு நிற்காமல் ஏன் என்று கேளுங்கள். இரண்டு தோசைக் கல் முன்னால் இரண்டு பேர், இருவருக்கும் ஐந்து ஆண்டு அனுபவம், ஒருவருக்கு 31, ஒருவருக்கு 25 என்றால் முதலாளி காரணம் சொல்லியாக வேண்டும்.

கேட்டும் தரவில்லை என்றால்

முதலில் முதலாளியிடமே, கணக்குத் தாளோடு, முடிந்தால் இரண்டு மூன்று பேராக. தெரியாமல் தவறு செய்கிற சின்ன முதலாளிகளும் உண்டு, கணக்கைக் காட்டியதும் சரிசெய்தவர்களை எனக்குத் தெரியும். தொகையைக் குறைத்துக் கொடுத்ததற்கு அபராதம், குறைந்த தொகையின் இரு மடங்கு அல்லது அந்த ஆளின் மாதச் சம்பளத்தின் இரு மடங்கு, எது அதிகமோ அது. இதை மிரட்டலாகச் சொல்ல வேண்டாம், தகவலாகச் சொல்லுங்கள்.

நடக்கவில்லை என்றால் லேபர் டிபார்ட்மென்ட் இன்ஸ்பெக்டரிடம் புகார் கொடுக்கலாம், அல்லது சி.சி.எம்.ஏ.-வுக்குப் போகலாம். சமரசமும் தீர்ப்பும் செய்கிற அமைப்பு அது, கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை. நிரப்ப வேண்டியது 7.11 என்ற படிவம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று படிவத்திலேயே கேட்டுவிடுங்கள். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் உணவகத் தொழிலுக்கென்று தனி பார்கெய்னிங் கவுன்சில் (முதலாளிகளும் யூனியன்களும் சேர்ந்து கூலி பேசுகிற அமைப்பு) இருக்கிறது, அங்கே வேலை செய்கிறவர்கள் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். கெடு முக்கியம்: வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள் என்றால் 30 நாளுக்குள், சமச் சம்பளப் பாகுபாடு என்றால் ஆறு மாதத்துக்குள்.

விசா விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். உங்கள் வேலை விசா அநேகமாக இந்த ஒரு முதலாளியின் பெயரில்தான் இருக்கும், வேலை போனால் விசாவுக்கும் சிக்கல். அதனால்தான் பலர் வாய் திறப்பதில்லை. புகாருக்கு முன்னால் வேறு வேலைக்கு வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒப்பந்தம், சீட்டுகள், நோட்டு எல்லாவற்றையும் படமெடுத்து ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வைத்துவிட்டு இறங்குங்கள். பாஸ்போர்ட் உங்கள் கையிலேயே இருக்கட்டும். விசா காலாவதியானவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2008-ல் டிஸ்கவரி ஹெல்த் வழக்கில் தொழிலாளர் நீதிமன்றம், செல்லுபடியாகும் அனுமதி இல்லாதவரும் தொழிலாளிதான், நியாயமற்ற பணிநீக்கத்திலிருந்து அவருக்கும் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. செய்த வேலைக்குக் கூலி கேட்க அது துணை நிற்கும், தங்குவதற்கான அனுமதியைத் தராது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நம் வீட்டில் வேலை செய்கிறவர்

குடும்பத்தோடு இங்கே இருப்பவர்களில் பலர் வீட்டில் ஆள் வைத்திருக்கிறோம், வாரம் இரண்டு நாள் வந்து துவைத்துத் தேய்த்துப் போகிற ஒரு ஜூலு அம்மா. 2025-ஆம் ஆண்டுத் தொகைப்படி அவருக்கும் அதே 28.79 தான். மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்து அனுப்பினாலும் நான்கு மணிக்கான கூலி, 115.16 ராண்ட், கொடுக்க வேண்டும். எட்டு மணி நேரம் என்றால் 230.32. நீங்கள் கொடுக்கிற மதியச் சோறு, பழைய துணி, தீபாவளிப் பலகாரம் இதில் சேராது, டாக்ஸிக் காசும் சேராது. மாதம் 24 மணிக்கு மேல் வேலை செய்கிறார் என்றால் அவரை யு.ஐ.எஃப்.-இல் பதிவு செய்து, உங்கள் 1 சதவீதத்தையும் சேர்த்து மாதாமாதம் கட்ட வேண்டியது நீங்கள்தான். மார்ச் 1-ஆம் தேதி புதிய தொகை வந்ததும் அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் அந்த வாரமே கூட்டிக் கொடுங்கள்.